மைக்கை அழுத்தினால் அணைகிற செட்: வண்டி வயர்லெஸ்ஸின் ஃபியூஸ், ஒயர் கோளாறுகள்

வயர்லெஸ் செட் பொருத்திய வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தால், ஓட்டுநர் இறங்கும்போதே "செட்டு போச்சுண்ணே" என்றுதான் சொல்வார். அந்த செட்டைக் கழற்றி மேசையில் வைத்து நல்ல பவர் சப்ளையில் கொடுத்துப் பார்த்தால் மணி மணியாகப் பேசும். கோளாறு பெரும்பாலும் பேட்டரியிலிருந்து செட்டுக்கு வருகிற நாலு மீட்டர் வழியில்தான். லக் (ஒயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோகத் துண்டு), ஃபியூஸ் ஹோல்டர், ஃபியூஸ் பாக்ஸ், எர்த் போல்ட் என்று அந்த வழியில் ஏழெட்டு இணைப்புகள். மதுரை வெயிலும் ஊர்ப்பக்கச் சாலையின் குலுக்கலும் எலியும் சேர்ந்தால் அதில் ஏதாவது ஒன்று என்றைக்காவது ஒருநாள் விட்டுவிடும்.

ஆம்புலன்ஸ், டிராவல்ஸ் வேன், கம்பெனி ஜீப், ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) நண்பர்களின் கார் என்று உரிமத்தோடு செட் வைத்திருக்கும் எல்லா வண்டிக்கும் கீழே சொல்வது பொருந்தும். கையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். ஐந்து மீட்டர் நீளத்தில் இரண்டு பக்கமும் முதலை கிளிப் வைத்த ஒயர் ஒன்று. மைக் பட்டனை அழுத்திப் பிடிக்க ஒரு ஆள். டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இல்லாவிட்டாலும் முடியும். டெஸ்ட் லேம்பை மட்டும் நம்பாதீர்கள். பத்து இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயரிலும் அது பளிச்சென்று எரியும்.

ஆன்டெனாவோ, அதற்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடோ இல்லாமல் பட்டனை அழுத்தக்கூடாது. ஃபியூஸ் தேடப் போய் செட்டின் கடைசி டிரான்சிஸ்டரைக் காவு கொடுத்தவர்கள் உண்டு.

"கேட்கிறப்ப நல்லா இருக்கு, பேச அழுத்தினா அணைஞ்சு எரியுது"

அதிகம் வருகிற புகார் இது. கேட்கும்போது செட் அரை ஆம்பியர் எடுத்தாலே அதிகம். 50 வாட் செட் பேசும்போது 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்கோ ஒரு இணைப்பு துருப்பிடித்து 0.15 ஓம் தடையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆம்பியர் ஓடும்போது அங்கே தொலைவது 0.075 வோல்ட், யாருக்கும் தெரியாது. 12 ஆம்பியர் ஓடும்போது 1.8 வோல்ட் அங்கேயே போய்விடும். அதனால் சும்மா இருக்கும் செட்டில் மீட்டரை வைத்து "12.5 வருதே" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அளப்பது எப்போதும் பட்டன் அழுத்தியிருக்கும்போதுதான்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தனியார் ஆம்புலன்ஸில் அளந்ததை அப்படியே சொல்கிறேன். இன்ஜின் நிறுத்தியிருந்தது. பட்டன் அழுத்திய நிலையில் பேட்டரி போஸ்டில் (ஒயர் மாட்டும் முனையில்) 12.4 வோல்ட். அதே நேரம் செட்டின் பின்பக்க பிளக்கில் 10.9. ஆக, ஒன்றரை வோல்ட் வழியில் காணாமல் போயிருக்கிறது. 13.8 வோல்ட் செட் என்றால் அதில் 15 சதவீதம் கூடக் குறைய, அதாவது ஏறக்குறைய 11.7 வரைக்கும்தான் பெரும்பாலான கம்பெனிகள் பொறுப்பேற்கின்றன. 10.9க்கு அது அணைந்து எரிவதில் ஆச்சரியமில்லை.

காணாமல் போன ஒன்றரை எங்கே? நீள ஒயரை எடுத்து ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் போஸ்டில் கடிக்கவிட்டேன். மறுமுனையில் மீட்டர், மீட்டரின் இன்னொரு கம்பி செட் பிளக்கின் பாசிட்டிவில். பட்டன் அழுத்தினால் 1.1. அதேபோல் நெகட்டிவ் பக்கம் 0.4. இப்போது பாசிட்டிவ் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். போஸ்டிலிருந்து ஃபியூஸ் ஹோல்டருக்குள் நுழையும் இடம் வரை 0.1. ஹோல்டரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் 0.7. மீதி ஒயர் முழுக்கச் சேர்த்து 0.3. குற்றவாளி யாரென்று இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹோல்டரைத் தொட்டுப் பார்த்தேன், விரலைச் சுட்டது. 0.7 வோல்ட்டை 11 ஆம்பியரால் பெருக்கினால் ஏழரை வாட்டுக்கு மேல். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் ஏழரை வாட் சூடு. அது கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் போடும் பழைய மாடல் ஹோல்டர். உள்ளே இருந்த ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்து கறுத்திருந்தது. பிளேடு ஃபியூஸ் (இரண்டு தட்டைக் கால் வைத்த பிளாஸ்டிக் ஃபியூஸ்) ஹோல்டராக மாற்றியதும் பிளக்கில் 11.6 வந்தது. நெகட்டிவ் எர்த் போல்ட்டைச் சுரண்டித் திரும்ப முறுக்கியபின் 11.9.

துண்டு போட்டு அளந்ததில் எந்த ஒரு இணைப்பும் மோசமில்லை, ஆனால் ஒயர் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகிறது என்றால் ஒயர் மெலிது. செம்பு ஒயரில் 1.5 ஸ்கொயருக்கு (சதுர மில்லிமீட்டர்) மீட்டருக்கு 13 மில்லி ஓம் சொச்சம், 2.5 ஸ்கொயருக்கு 8, 4 ஸ்கொயருக்கு 5, 6 ஸ்கொயருக்கு 3.3. போக நாலு மீட்டர், வர நாலு மீட்டர் என்று எட்டு மீட்டர் ஒயரில் 12 ஆம்பியர் ஓடினால் 1.5 ஸ்கொயரில் 1.28 வோல்ட் போகும், 2.5-ல் 0.77, 4-ல் 0.48, 6-ல் 0.32. பேசும்போது ஒயரில் மட்டும் அரை வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு. அதனால் 50 வாட் செட்டுக்கு 4 ஸ்கொயருக்குக் கீழே நான் இறங்குவதில்லை. 25 வாட் செட் என்றால் 2.5 தாராளம்.

ஒயர் வாங்குமிடத்தில் ஒரு எச்சரிக்கை. கார் ஆடியோ கிட் என்று தடியாக, பளபளவென்று விற்கும் ஒயர்களில் பல அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அதே தடிமனுக்குத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, லக் போட்ட இடத்தில் சீக்கிரம் தளரவும் செய்யும்.

"ஃபியூஸ் மாத்தி மாத்திப் போடுறேன், போய்க்கிட்டே இருக்கு"

எப்போது போகிறது என்று கேட்காமல் இதற்கு மருந்து சொல்ல முடியாது.

செருகியதுமே போனால் ஷார்ட். செட்டின் பின்பக்க பிளக்கைப் பிரித்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். அப்போதும் போனால் ஒயர், போகவில்லையென்றால் செட். செட் என்று தெரிந்தால் யாரோ பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலான செட்டில் உள்ளே ஒரு பாதுகாப்பு டையோடு இருக்கும். மாற்றிக் கொடுத்தால் அது ஃபியூஸைப் போக்கிவிட்டு செட்டைக் காப்பாற்றும். ஆனால் அந்த முயற்சியில் டையோடே ஷார்ட் ஆகிப்போனால், பிறகு சரியாகக் கொடுத்தாலும் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். டையோடு மாற்றினால் தீர்ந்தது.

ஒயரில் ஷார்ட் என்றால் ஒவ்வொரு தடவையும் ஃபியூஸைக் காவு கொடுக்க வேண்டாம். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அதன் இரண்டு கம்பியையும் கொடுத்துவிடுங்கள். ஷார்ட் இருக்கும் வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயரும் கருகாது. பல்பைப் பார்த்தபடியே ஒயரை இன்ஜின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டு வாருங்கள். எந்த இடத்தில் அசைத்தால் பல்பு மங்குகிறதோ, அங்கேதான் தோல் உரிந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் மட்டும் ஃபியூஸ் போகிறது என்று சொல்லும் வண்டிக்கும் இதேதான் வழி. அநேகமாக இன்ஜின் அறையிலிருந்து கேபினுக்குள் ஒயர் நுழைகிற தகர ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் இருக்கும். மற்றபடி எலி.

பேச ஆரம்பித்துச் சில நிமிடம் கழித்துப் போகிறது என்றால் ஃபியூஸ் அளவு இழுபறியில் இருக்கிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் 10.1-ல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பிளேடு ஃபியூஸ் தன் அளவைவிடப் பத்து சதவீதம் கூட ஓடினால் மணிக்கணக்கில் தாங்கும். 35 சதவீதம் கூட ஓடினால் பத்து நிமிடம் வரைகூட எடுத்துக்கொள்ளும். இரண்டு மடங்கு ஓடினால்தான் ஐந்து விநாடிக்குள் போகும். இதெல்லாம் சாதாரண வெப்பநிலைக் கணக்கு. சித்திரை மாத மதியம் மாட்டுத்தாவணியில் வெயிலில் நிற்கிற வேனின் பானட்டுக்கு உள்ளே அதே ஃபியூஸ் இன்னும் சீக்கிரம் போகும். அதனால் தொடர்ந்து ஓடும் கரண்ட், ஃபியூஸ் அளவில் முக்கால் பங்கு, மிஞ்சினால் எண்பது சதவீதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. 12 ஆம்பியர் செட்டுக்கு 15.

பெரிய ஃபியூஸ் போட்டால் பிரச்சினை தீரும் என்று சொல்கிற ஆள் எல்லாப் பட்டறையிலும் ஒருவர் இருப்பார். வீட்டில் ஃபியூஸ் கட்டையில் ஒற்றை இழைக்கு மூன்று இழை சுற்றிப் பழகிய கை அது. ஃபியூஸின் வேலை செட்டைக் காப்பதல்ல, தனக்குப் பின்னால் ஓடும் ஒயரைக் காப்பது. 1 ஸ்கொயர் ஒயருக்கு முன்னால் 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸைச் செருகினால், ஷார்ட் ஆகும்போது ஒயர்தான் ஃபியூஸாக வேலை செய்யும். டேஷ்போர்டுக்குள். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகிய ஃபியூஸையும் பார்த்திருக்கிறேன். அது ஃபியூஸே இல்லை, வெறும் கம்பி.

நிறம் மனப்பாடம் ஆகிவிட்டால் நல்லது. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. மூடியைத் திறந்ததும் நீலம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை தெரிந்தால் இந்த வண்டியில் யாரோ ஏற்கெனவே கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மற்ற இணைப்புகளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

"ஃபியூஸ் நல்லாத்தான் இருக்கு, பாக்ஸ் உருகிப் போச்சு"

இதில் ஃபியூஸ் மேல் தவறில்லை. கரண்ட் அளவுக்குள்தான் ஓடியிருக்கிறது. சூடு வந்தது ஃபியூஸின் காலைப் பிடிக்கும் கிளிப்பிலிருந்து. கிளிப்பின் பிடி தளர்ந்தால் தடை கூடும், தடையால் சூடு, சூட்டில் பிடி இன்னும் தளரும். கடைசியில் பிளாஸ்டிக் வழியும். அதே பாக்ஸில் புது ஃபியூஸ் போட்டால் பத்து நாளில் திரும்பவும் இதே கதை. பாக்ஸையே மாற்ற வேண்டும்.

உருகும் முன்பே கண்டுபிடிக்கலாம். பிளேடு ஃபியூஸின் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் திறந்திருக்கும். பட்டன் அழுத்தியிருக்கும்போது மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தால், 15 ஆம்பியர் ஃபியூஸில் 12 ஓடும்போது நூறு மில்லிவோல்ட்டுக்குள் இருக்கும். அப்புறம் பாக்ஸுக்குள் வரும் லக்கிலிருந்து வெளியே போகும் லக் வரைக்கும் அளங்கள். இது 300 காட்டினால் மிச்சம் 200 கிளிப்பில் போகிறது. இருநூறு மில்லிவோல்ட்தானே என்று விடாதீர்கள். ஓட ஓடக் கூடிக்கொண்டே போகும்.

புது பாக்ஸ் எடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு நடப்பதே கடை வாசலில்தான். ஆறு வழி, எட்டு வழி பாக்ஸ்கள் டவுன்ஹால் ரோட்டிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். மேலே "ஒரு வழிக்கு 30 ஆம்பியர், மொத்தம் 100 ஆம்பியர்" என்று அச்சடித்திருக்கும். அதை நம்பிப் பணம் கொடுக்கும் முன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உள்ளே இருக்கும் பட்டையில் வையுங்கள். ஒட்டிக்கொண்டால் இரும்புப் பட்டை, மேலே பூச்சு. பித்தளையும் செம்பும் ஒட்டாது. அடுத்து ஒரு ஃபியூஸைச் செருகி இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாக வந்தால் வேண்டாம். கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். ஒயர் பிடிக்கும் இடம் திருகு வைத்து வளைய லக்கைப் பிடிப்பதாக இருந்தால் குலுக்கலுக்கு நல்லது. செருகும் லக் மாடல் தப்பில்லை, ஆனால் லக் நல்ல தரமாக இருக்க வேண்டும். நெகட்டிவுக்கும் சேர்த்து ஒரு பட்டை உள்ள பாக்ஸ் என்றால் இருபது ரூபாய் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம். ஃபியூஸ் போனால் எரியும் சின்ன எல்இடி ராத்திரியில் உதவும். அதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

கணக்கு இப்படிப் போட வேண்டும். ஒரு ஹாம் நண்பரின் ஜீப்: 50 வாட் செட் 12 ஆம்பியர், டேஷ் கேமராவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து 2, போன் சார்ஜர் 5, மேலே சுழல் விளக்கு 3. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 22. கிளைகளுக்கு 15, 5, 7.5, 5 என்று ஃபியூஸ், மெயினுக்கு 30. கிளை ஃபியூஸ்களைக் கூட்டினால் 32.5 வருகிறதே, மெயின் 30 போதுமா என்று அவர் கேட்டார். போதும். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்கும் பாக்ஸுக்கும் நடுவிலுள்ள ஒயரைக் காக்கிறது. அது பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: உண்மையில் ஓடும் 22-ஐத் தாங்க வேண்டும், அந்த 6 ஸ்கொயர் ஒயர் சூடாகும் முன் போக வேண்டும். கிளைகளின் கூட்டலோடு அதற்கு வேலை இல்லை.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். வசதியாக இருக்கிறது என்று டேஷ்போர்டுக்குக் கீழே வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் இரண்டு மீட்டர் ஒயருக்குக் காவலே இல்லை. ஆனால் பாக்ஸ் பானட்டுக்குள் வேண்டாம். சூடும் தண்ணீரும் படாத சீட்டுக்கு அடியில், செட்டுக்குப் பக்கத்தில், கையெட்டும் இடத்தில் வையுங்கள். லக்கை நல்ல கிரிம்ப் கருவியில் அழுத்தி, மேலே சுருங்கும் ஸ்லீவ் போட்டால் போதும். கூடவே ஈயமும் வைப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஈயம் ஒயருக்குள் ஏறி இழைகளை ஒரே கம்பியாக்கிவிடும். அது முடிகிற இடத்தில்தான் குலுங்கிக் குலுங்கி ஒயர் ஒடியும்.

"செல்ஃப் அடிச்சா செட்டோட நெகட்டிவ் ஃபியூஸ் போகுது"

மேலூர்ப் பக்கத்துச் சின்ன லோடு வண்டி ஒன்று இப்படித்தான் வந்தது. செட்டோடு வந்த ஒயரில் பாசிட்டிவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று என்று இரண்டு ஃபியூஸ். நெகட்டிவ் நேராக பேட்டரி போஸ்டில் கட்டியிருந்தது. தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நெகட்டிவ் ஃபியூஸ் மட்டும் போகும். ஐந்தாறு போனபின் யாரோ ஒருவர் "நெகட்டிவுக்கு எதுக்கு ஃபியூஸ்" என்று சொல்லி ஒரு துண்டு ஒயரை வைத்து முறுக்கிவிட்டார். மறுநாள் செல்ஃப் அடித்ததும் டேஷ்போர்டிலிருந்து புகை.

நடந்தது இதுதான். செல்ஃப் மோட்டார் நூறு இருநூறு ஆம்பியர் இழுக்கும். அது இன்ஜினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப ஒரு தடித்த எர்த் பட்டை இருக்கிறது. அந்த வண்டியில் பட்டையின் போல்ட் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. வழி அடைத்தால் வெள்ளம் வேறு வாய்க்கால் தேடும். இன்ஜின், பாடி, ஆன்டெனா அடிப்பாகம், கேபிளின் வெளிப்பின்னல், செட்டின் உடம்பு, செட்டின் நெகட்டிவ் ஒயர், பேட்டரி. இப்படிச் சுற்றி செல்ஃபின் கரண்ட் செட்டுக்குள் புகுந்து போனது. ஃபியூஸ் அத்தனை நாளும் அதைத்தான் தடுத்துக்கொண்டிருந்தது.

இதைச் சோதிக்க மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வரை சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். செட்டைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

என் இப்போதைய பழக்கம் வேறு. நெகட்டிவை பேட்டரி போஸ்டில் கட்டுவதே இல்லை. பேட்டரி நெகட்டிவ் ஒயர் பாடியைத் தொடும் இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ, பெயின்ட்டைச் சுரண்டி, வளைய லக்கும் பல் வாஷரும் வைத்துக் கட்டுகிறேன். அங்கே கட்டினால் நெகட்டிவ் ஃபியூஸ் தேவையில்லை. இருந்தால் அதுவே தொல்லையாகும்: ஃபியூஸ் போனபின்னும் செட் அணையாமல் ஆன்டெனா கேபிளின் பின்னல் வழியாக எர்த் தேடிக்கொண்டு எரியும். "நெகட்டிவ் ஃபியூஸைப் பிடுங்கினாலும் செட் எரியுதுண்ணே, பேய் மாதிரி" என்று ஒரு தம்பி சொன்னது இதைத்தான். நெகட்டிவ் நேராக போஸ்டுக்கே போக வேண்டிய கட்டாயம் என்றால் இரண்டு பக்கமும் ஃபியூஸ் வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

சிக்னலில் தானே அணைந்து எரியும் புது கார்களில் நெகட்டிவ் போஸ்டின் மேலேயே ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரியிலிருந்து எவ்வளவு போகிறது, வருகிறது என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. செட்டின் நெகட்டிவை நேரே போஸ்டில் வைத்தால் அதன் கணக்கு தப்பும். பாடிப் பக்கம் கட்டினால் தப்பாது.

"காலையில செல்ஃப் எடுக்கல"

கேட்கும் நிலையிலேயே விட்டுப்போன செட் 0.4 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு நிறுத்திய வண்டி திங்கள் காலைக்குள் அறுபது மணி நேரம் நின்றால் 24 ஆம்பியர்-அவர் (Ah) காலி. கார் பேட்டரி 35 தான். மீதியில் எங்கே செல்ஃப் எடுக்கும்?

பேட்டரி மெயினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே ஒரு ரிலே போட்டு, சாவி போட்டால் மட்டும் பாக்ஸுக்கு கரண்ட் வரும்படி செய்யலாம். ரிலேயில் 30-ஆம் எண் காலுக்கு பேட்டரி, 87-க்கு பாக்ஸ், 86-க்கு சாவி லைன், 85-க்கு எர்த். சாவி லைனுக்கும் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. ரிலேயின் காயிலுக்கு (85, 86 கால்களுக்கு நடுவில் இருப்பது) கரண்ட் எப்போதும் இருக்கிற லைனில் இருந்து எடுத்துவிட்டு "ரிலே போட்டும் பேட்டரி இறங்குது" என்று வந்தவர் உண்டு. காயில் மட்டுமே 0.15 ஆம்பியர் குடிக்கும். நிறுத்திய வண்டியிலும் செட் ஓட வேண்டிய ஆம்புலன்ஸுக்கு இது சரிவராது. அதற்கு பேட்டரி வோல்ட் குறைந்தால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப் யூனிட் போடுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் நொடியில் செட் ஒருமுறை அணைந்து எரிந்தால் பதற வேண்டாம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியே பத்து வோல்ட்டுக்கு இறங்கும்.

"ரேஸ் பண்ணினா கூடவே விசில் கேட்குது"

பவர் லைட்டர் சாக்கெட்டிலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். நேரே பேட்டரியிலிருந்து எடுத்தால் பாதி வண்டிகளில் நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் வண்டி ஓடும்போது பேட்டரியில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளங்கள். அரை வோல்ட் பக்கம் காட்டினால் டைனமோவில் (ஆல்டர்னேட்டரில்) டையோடு போயிருக்கிறது. ஃபில்டர் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். பேசும்போது மீட்டர் போர்டு விளக்குகள் கண்ணடிப்பது வேறு கதை. அது ஆன்டெனா கேபிள் போகும் பாதையைப் பற்றியது, ஃபியூஸைப் பற்றியதல்ல.

லாரி, பஸ்: "ரெண்டு பேட்டரி இருக்கே, ஒண்ணுல இருந்து எடுத்துக்கலாம்ல?"

எடுக்கலாம், பேட்டரி கெட்டுப்போகும். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியும் வரிசையில் ஒன்றாகத்தான் சார்ஜ் ஆகின்றன. ஒன்றிலிருந்து மட்டும் செட்டுக்கு எடுத்தால் அது எப்போதும் பட்டினி, இன்னொன்று எப்போதும் அஜீரணம். டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து தொடரும் பழக்கம். அது எடுத்தது ஒன்றிரண்டு ஆம்பியர் என்பதால் தாக்குப்பிடித்தது. 12 ஆம்பியர் செட்டுக்கு 24-12 கன்வெர்ட்டர் போட வேண்டும், உள்ளே போகும் பக்கமும் வெளியே வரும் பக்கமும் தனித்தனி ஃபியூஸோடு. வெளியே 13.8-ல் 12 ஆம்பியர் என்றால் 165 வாட். கன்வெர்ட்டரில் வீணாவது போக, 27 வோல்ட் பக்கம் ஏழு ஆம்பியர் அளவுக்கு வரும். ஆக உள்ளே 10, வெளியே 15. பிளேடு ஃபியூஸ்கள் 32 வோல்ட் வரை தாங்குபவை, அதனால் அதே ஃபியூஸ் போதும். கன்வெர்ட்டர் வாங்கும்போது 20 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது தொடர்ந்து ஓடும் அளவா, ஒரு நொடி அளவா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் அளந்தாச்சு, இன்னும் பேசவில்லை

இன்ஜின் ஓடும்போது, பட்டன் அழுத்தியிருக்கையில், செட்டின் பிளக்கிலேயே 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது; அப்படியும் அணைகிறது என்றால் இப்போது செட்டைக் கழற்றலாம். கழற்றும்போது செட்டோடு வந்த பவர் ஒயரையும் ஃபியூஸ் ஹோல்டரோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். சர்வீஸ் கடையில் அவர்கள் ஒயரைப் போட்டுத்தான் சோதிப்பார்கள். பிளக்கின் ஊசி (pin) தளர்ந்திருப்பது உங்கள் ஒயரில் இருந்தால் அங்கே எதுவும் தெரியாது. அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி செட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள்: பேட்டரியில் இவ்வளவு, பிளக்கில் இவ்வளவு, பட்டன் அழுத்தும்போது இத்தனை ஆம்பியர். பன்னிரண்டு இழுக்க வேண்டிய செட் நாலு மட்டும் இழுக்கிறது என்று எழுதியிருந்தால் சர்வீஸ்காரருக்கு மூடியைத் திறந்ததும் எந்தப் பக்கம் கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.